கணனி வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

புறக்கோட்டையில் முப்பது வருடங்களாகப் புடவை வியாபாரம் செய்பவன் நான். கணனி பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். நட்டப்பட்டவன் என்ற தகுதி ஒன்று போதுமென நினைக்கிறேன்.

பழைய பில்களின் படங்களை வாசித்து, எந்தத் துணி எந்த மாதத்தில் எவ்வளவு போனது என்று சொல்லும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றை என் மகன் உருவாக்கத் தொடங்கினார். கடைக் கணக்கு விண்டோஸில்தானே இருக்கிறது, இதற்கு மட்டும் ஏன் லினக்ஸ் என்று கேட்டேன்.

“வாப்பா, இந்த வேலையில் பாரம் சுமப்பது கிராபிக்ஸ் கார்ட். அதனோடு ஒத்துப்போகிற பணிசெயல் முறைமைதான் வேண்டும்” என்றார்.

விளக்கம் இதுதான். என்விடியா கார்டுகளுக்கு, அந்நிறுவனம் 2007இல் வெளியிட்ட ‘கூடா’ என்ற மென்பொருள் அவசியம். பெயர்தான் கூடா, அது இல்லாமல் வேலை கூடாது! 2019க்குப் பின் வந்த அதன் பதிப்புகள் அப்பிள் கணனிகளில் இயங்குவதில்லை. கூகுளின் டென்சர்ஃபுளோவும் 2022இல் வந்த 2.10 பதிப்புக்குப் பின்னர் விண்டோஸில் நேரடியாக இந்தக் கார்டைப் பயன்படுத்துவதில்லை. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டியே பயன்படுத்த வேண்டும். உலகின் முதல் 500 சுப்பர் கணனிகளும் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே இயங்குகின்றன. விலையும் இல்லை.

சரியென்று உபுண்டு போட்டோம். வேலை நன்றாக நடந்தது. நோன்புப் பெருநாளுக்குக் கொள்முதல் செய்யவிருந்த வாரம், புதிய பதிப்பு வந்திருப்பதாகத் திரையில் அறிவித்தல் வந்தது. புதியது நல்லதுதானே என்று நானே அழுத்திவிட்டேன். மறுநாள் கணனிக்குத் தன் கார்டையே அடையாளம் தெரியவில்லை. மகன் அதைச் சீராக்க மூன்று நாட்கள் சென்றன. அதற்குள் நான் மனக்கணக்கில் ஓடர் கொடுத்த துணியில் பாதி இன்னும் இறாக்கையில் கிடக்கிறது.

என் நட்டத்தில் நீங்கள் இலாபம் பெற மூன்று விடயங்கள்.

முதலாவது, இணையத்தில் கேள்வி கேட்டுப் பதில் பெறுவது மட்டுமே உங்கள் தேவையென்றால், இருக்கிற கணனியே போதும். சொந்தமாக உருவாக்குவதென்றால் முதலில் வேலை, பிறகு அதற்கான மென்பொருள், அதற்கேற்ற கார்டும் பணிசெயல் முறைமையும் என்ற வரிசையில் தீர்மானியுங்கள்.

இரண்டாவது, உபுண்டுவில் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும். ஐந்து வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். இடையில் வருபவற்றுக்கு ஒன்பது மாதங்களே. கடைக்கு முன்னையதே பொருத்தம்.

மூன்றாவது, ஒவ்வொரு வேலையையும் டொக்கர் போன்ற கொள்கலனில் அடைத்து வையுங்கள். துறைமுகத்தில் ஒரு கொள்கலனில் உள்ள சரக்கு மற்றதோடு கலப்பதில்லை அல்லவா? அதுபோலத்தான். கார்டின் டிரைவர் மட்டும் வெளியே இருக்கும்; அதைச் சீசனில் தொடாதீர்கள்.

பெருநாள் வாரத்தில் கடையைத் திருத்தியமைக்கும் வியாபாரி உண்டா? கணனிக்கும் அதே நியாயம்தான்.