தாய்க்கு வந்த புற்றுநோய் மகளுக்கும் வருமா?

அசாம் ஜாவா – தாய்க்கு மார்பகப் புற்றுநோய். சில ஆண்டுகள் கழித்து மகளுக்கும் அதே நோய். ஒரு வீட்டில் இப்படி நேர்ந்துவிட்டால் தோட்டப்புறத்தில் முதலில் எழும் பேச்சு மருத்துவத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. "குலதெய்வக் குத்தம்" என்பார்கள், "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்பார்கள். வீட்டில் கல்யாண வயதில் இன்னொரு பெண் இருந்தால் பேச்சே கிடையாது. விஷயம் நான்கு சுவருக்குள் அடங்கிவிடும்.

அப்படி அடங்கிப் போவதுதான் ஆபத்து. ஏனென்றால் சில குடும்பங்களில் நோய் மீண்டும் மீண்டும் வருவதற்குக் கண்டறியக்கூடிய ஒரு காரணம் இருக்கிறது.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் எப்போது பிரிந்து பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை மரபணுக்கள் கட்டுப்படுத்துகின்றன. அவற்றில் சில, பெருக்கத்தை நிறுத்தும் வேலையைச் செய்பவை. கட்டி அடக்கும் மரபணுக்கள் என்று இவற்றைச் சொல்லலாம். செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லோரிக்கு பிரேக் எப்படியோ, உயிரணுவுக்கு இவை அப்படி. ஒவ்வொன்றும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்தவை. ஒரு பிரேக் பழுதானாலும் மற்றது லோரியை நிறுத்திவிடும். இரண்டும் போனால்தான் விபத்து.

இதை முதலில் கணக்குப் போட்டுச் சொன்னவர் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன். குழந்தைகளின் கண்ணில் வரும் ஒரு வகைப் புற்றுநோயில் 48 பேரின் விவரங்களை ஆராய்ந்து 1971-இல் அவர் எழுதினார். பரம்பரையாக அந்த நோய் வந்த பிள்ளைகளுக்கு இளம் வயதிலேயே, பெரும்பாலும் இரு கண்களிலும் கட்டி தோன்றியது. காரணம் எளிது. அவர்கள் பிறக்கும்போதே ஒரு பிரேக் பழுதாகியிருந்தது, இன்னோர் அடி மட்டுமே பாக்கி. மற்றவர்களுக்கு ஒரே உயிரணுவில் இரண்டு அடிகளும் விழ வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும்.

மார்பகப் புற்றுநோயில் அடிக்கடி பேசப்படுபவை பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற இரு மரபணுக்கள். மரபணு இழையில் ஏற்படும் முறிவுகளைச் சரிசெய்வது இவற்றின் வேலை. இவை செயலிழந்தால் பழுதுகள் உயிரணுவில் சேர்ந்துகொண்டே போகும். டி.பி.53 என்பது இன்னொன்று. பெரட்டில் நின்று ஆள் பார்க்கும் மண்டோரைப் போல, பழுதான உயிரணுவை மேற்கொண்டு பெருக விடாமல் தடுத்து நிறுத்தும். சரிசெய்ய முடியாவிட்டால் அதை அழிந்துபோகச் செய்யும். மனிதனுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த மண்டோர் கெட்டுப்போயிருக்கிறார். யானைக்கு இந்த மரபணு சுமார் 20 மடங்கு கூடுதலாக இருப்பதை 2015-இல் கண்டறிந்தார்கள். அவ்வளவு பெரிய உடம்பில் புற்றுநோய் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான புற்றுநோய்களில் இந்தப் பழுது வாழ்நாளில், வயது ஏற ஏற, புகை போன்ற காரணங்களால் ஏற்படுவது. அது பிள்ளைகளுக்குப் போகாது. பிறப்பிலேயே வருவது சிறு பங்குதான். அந்தச் சிறு பங்கு நம் நாட்டில் எவ்வளவு என்பதைக் கண்டறிய மலேசிய ஆய்வாளர்களே முயன்றிருக்கிறார்கள். கேன்சர் ரிசர்ச் மலேசியா அமைப்பின் பேராசிரியர் தியோ சூ ஹுவாங்கும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், சுபாங் ஜெயா மருத்துவ மையம் ஆகியவற்றின் மருத்துவர்களும் சேர்ந்து மலாய், சீன, இந்திய நோயாளிகளின் இரத்த மாதிரிகளைச் சேகரித்து ஆராய்ந்தனர். மார்பகப் புற்றுநோய் கண்டவர்களில் ஏறத்தாழ 100-க்கு 5 பேரிடம் பி.ஆர்.சி.ஏ. பழுது காணப்பட்டது.

ஐந்துதானே என்று தோன்றலாம். ஆனால் அந்த ஐவரின் குடும்பங்களுக்கு அது சிறிய எண் அல்ல. 2017-இல் வெளியான பெரிய அனைத்துலக ஆய்வின்படி, பி.ஆர்.சி.ஏ.1 பழுதுள்ள பெண்களில் 100-க்கு 72 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும். சினைப்பைப் புற்றுநோய் 44 பேருக்கு. பி.ஆர்.சி.ஏ.2-க்கு இவை 69, 17. அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பழுதுள்ள பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போகும் வாய்ப்பு சரிபாதி. மகனுக்கும்தான்.

நம் குடும்பங்கள் தவறவிடும் இடம் இதுவே. மார்பகப் புற்றுநோய் என்றால் தாய்வழியை மட்டும் பார்க்கிறோம். அப்பாவின் அக்கா, தங்கைகளுக்கு வந்த நோயை யாரும் கணக்கில் வைப்பதில்லை. ஆனால் தகப்பன் தனக்கு எந்த நோயும் இல்லாமலே அந்தப் பழுதைச் சுமந்து மகளுக்குக் கொடுத்திருக்கலாம். ஆண்களுக்கும் இது முற்றிலும் பாதுகாப்பானதல்ல. பி.ஆர்.சி.ஏ.2 பழுதுள்ள ஆண்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோயின் அபாயம் கூடும், அரிதாக மார்பகப் புற்றுநோயும் வரும்.

மரபணு ஆலோசனைக்குப் போனால் முதலில் கேட்கப்படுவது இரத்தமல்ல, குடும்ப வரலாறு. மூன்று தலைமுறையில் யாருக்கு, எந்த உறுப்பில், எத்தனை வயதில் நோய் வந்தது என்று கேட்பார்கள். தோட்டக் குடும்பங்களுக்குக் கடினமான கேள்வி இது. தோட்டம் துண்டாடப்பட்டு உறவுகள் கிள்ளான், ஷா ஆலம், ஜொகூர் என்று சிதறிவிட்டன. பாட்டி எதனால் இறந்தார் என்று கேட்டால் "வயித்துல கட்டி" என்பதோடு பதில் முடிந்துவிடும். அந்தக் கட்டி சினைப்பையில் இருந்ததா, குடலில் இருந்ததா என்பதுதான் இன்று பேத்திக்குத் தெரிய வேண்டியது. லயத்துப் பழைய ஆட்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது இரத்தப் பரிசோதனைக்கு முந்திய பரிசோதனை.

50 வயதுக்கு முன் நோய் கண்டவர், இரு மார்பகங்களிலும் கண்டவர், சினைப்பைப் புற்றுநோய் கண்டவர், நெருங்கிய உறவில் பலருக்கு நோய் வந்த குடும்பத்தினர் ஆகியோர் பரிசோதனை பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேட்கலாம். கூடுமானவரை நோய் கண்டவரே முதலில் பரிசோதித்துக்கொள்வது நல்லது. அவரிடம் பழுது தெரிந்தால்தான் மற்றவர்களிடம் எதைத் தேடுவது என்பது தெளிவாகும். மலேசிய, சிங்கப்பூர் நோயாளிகளின் தகவலைக் கொண்டே யாருக்குப் பரிசோதனை தேவைப்படும் என்று கணிக்கும் கணிப்பானும் இப்போது உண்டு.

பழுது இருப்பது உறுதியானால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தமல்ல. இளம் வயதிலிருந்தே எம்.ஆர்.ஐ., மேமோகிராம் மூலம் ஆண்டுதோறும் கண்காணிக்கலாம். பிள்ளை பெற்ற பின் சினைப்பைகளை அகற்றிக்கொள்வது பலருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. நோய் வந்துவிட்டவர்களுக்கு ஒலாபரிப் போன்ற மருந்துகள் உள்ளன. மரபணுவைச் சரிசெய்யும் மற்றொரு வழியையும் இம்மருந்து அடைத்துவிடுவதால், ஏற்கெனவே பி.ஆர்.சி.ஏ. இழந்த புற்று உயிரணு தாக்குப்பிடிக்க முடியாமல் மடிகிறது. மருந்தின் விலை எல்லாருக்கும் எட்டுவதல்ல என்பதும் உண்மை.

சில சமயம் முடிவு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ வராது. "பொருள் தெளிவில்லாத மாற்றம்" என்று வரும். உலகத் தரவுகளில் இந்திய வம்சாவளியினர் குறைவு என்பதால் நமக்கு இப்பதில் வரும் வாய்ப்பு அதிகம். அதை நோய் என்று எண்ணி அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டியதில்லை.

கோலாலம்பூர் மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் மரபியல் பிரிவுகள் இயங்குகின்றன. அசாம் ஜாவாவிலிருந்து லத்தார் நெடுஞ்சாலை வழியே போய்வர ஒரு நாள் ஆகும். தினச் சம்பளக்காரருக்கு அது ஒரு நாள் கூலி. ஆகவே கிளம்புவதற்கு முன் அரசாங்க கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் கேட்டு, குடும்ப விவரத்தை ஒரு தாளில் எழுதி, நோய் கண்ட உறவினரின் மருத்துவ அறிக்கை கிடைத்தால் அதன் நகலையும் எடுத்துச் செல்வது நல்லது. தாளின் ஒரு பக்கத்தில் அம்மா வழி, மறுபக்கத்தில் அப்பா வழி.