ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வாங்கலாம்? டிராப்-இன் டே கேர் கட்டணக் கணக்கு... முழு விவரம்!

வங்கிக்குப் போகணும், டாக்டரைப் பார்க்கணும், இன்டர்வியூ இருக்கு. குழந்தையை 2 மணி நேரம் மட்டும் யாராவது பார்த்துக்கொண்டால் போதும். இந்தத் தேவையை நம்பி நடப்பதுதான் ‘டிராப்-இன் டே கேர்’. மாதக் கட்டணம் கிடையாது. குழந்தை இருக்கும் நேரத்துக்கு மட்டும் பணம்.

வீட்டின் கீழ்த்தளத்திலேயே இப்படி ஒன்றைத் தொடங்க நினைக்கும் பெண்கள் பலர் முதலில் தடுமாறுவது, கட்டணம் எவ்வளவு வைப்பது என்ற கேள்வியில்தான். பக்கத்துத் தெரு டே கேர் ரேட்டை விசாரித்து, அதில் 10 ரூபாய் குறைத்து போர்டு வைத்தால் என்ன ஆகும்? விரிவாகப் பார்க்கலாம்.

காலி நாற்காலிக்கும் வாடகை உண்டு

மாதக் கட்டண டே கேரில், குழந்தை லீவு போட்டாலும் பணம் வந்துவிடும். டிராப்-இன் மையத்தில் அப்படி இல்லை. திங்கள்கிழமை 3 குழந்தைகள் வரலாம், செவ்வாய்க்கிழமை 14 பேர் வந்து இடமில்லை என்று 2 பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கலாம். ஆனால் வாடகையும் சம்பளமும் எல்லா நாளும் ஒன்றுதான்.

அதனால் கணக்கை ‘மாதம்’ என்று போடாமல், ‘ஒரு குழந்தை, ஒரு மணி நேரம்’ என்ற அளவில் போட வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு

ஒரு நேரத்தில் 12 குழந்தைகள் இருக்கக்கூடிய சிறிய மையம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊருக்கு ஏற்ப தொகை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

* வாடகை: ரூ.25,000
* பராமரிப்பாளர்கள் 2 பேர் சம்பளம்: ரூ.30,000
* உதவியாளர்: ரூ.10,000
* நடத்துபவரின் சம்பளம்: ரூ.25,000
* கரண்ட், தண்ணீர், இன்டர்நெட்: ரூ.6,000
* சுத்தம், பொம்மை, முதலுதவிப் பொருட்கள், காப்பீடு: ரூ.5,000
* திடீர் செலவுக்கு ஒதுக்கீடு: ரூ.4,000

மொத்தம் ரூ.1,05,000.

இதில் நான்காவது வரியைத்தான் பலர் எழுதுவதில்லை. ‘நம்ம கடைதானே’ என்று சொந்த உழைப்பைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து, மையம் நிறைந்திருந்தும் கையில் காசு இல்லையே என்று யோசிப்பது இதனால்தான்.

அடுத்து நேரம். 12 குழந்தைகள், தினமும் 10 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் மொத்தம் 3,120 மணி நேரம். செலவை இதால் வகுத்தால் மணிக்கு சுமார் ரூ.34 வருகிறது. ‘அப்போ 50 ரூபாய் வாங்கினாலே லாபம்தானே?’ என்று தோன்றும். பலர் சறுக்கும் இடம் இதுதான்.

எந்த டிராப்-இன் மையமும் காலை முதல் மாலை வரை 100% நிரம்பாது. பாதி நிரம்பினால் அடக்கவிலை மணிக்கு ரூ.67. 40% மட்டும் நிரம்பினால் ரூ.84. புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த 40%-ஐ வைத்து யோசிப்பது பாதுகாப்பு. மணிக்கு ரூ.100 வைத்தால், 40% நிரம்பும் மாதத்தில் செலவு போக ரூ.19,800 மிஞ்சும். ரூ.50 வைத்தால் அதே மாதத்தில் ரூ.42,600 நஷ்டம்.

தினமும் எத்தனை குழந்தைகள் வரணும்?

மணிக்கு ரூ.100 என்றால், செலவை ஈடுகட்ட மாதம் 1,050 மணி நேரம் விற்க வேண்டும். அதாவது தினமும் 40 மணி நேரம். ஒரு குழந்தை சராசரியாக இரண்டரை மணி நேரம் இருந்தால், தினமும் 16 குழந்தைகள் வந்து போகணும். இது சாதாரண விஷயமில்லை.

இதற்குத்தான் கலப்பு முறை. 12 இடங்களில் 4 இடத்தை மாதக் கட்டணக் குழந்தைகளுக்குக் கொடுத்து, தலா ரூ.9,000 வாங்கினால் ரூ.36,000 உறுதி. மீதி ரூ.69,000-க்கு தினமும் சுமார் 27 மணி நேரம் விற்றால் போதும். 11 குழந்தைகள் வந்தாலே கணக்கு நேராகிவிடும்.

11-வது குழந்தை ஏன் முக்கியம்?

மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018-ல் பணியிடக் குழந்தைகள் காப்பகங்களுக்கு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதன்படி 3 வயதுக்கு உட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் தேவை. 3 வயதுக்கு மேல் என்றால் 20 பேருக்கு ஒருவர். கூடவே உதவியாளரும் வேண்டும்.

தனியார் டிராப்-இன் மையத்துக்கும் இது நல்ல அளவுகோல். 11-வது கைக்குழந்தை உள்ளே வந்தால் இன்னொரு ஆள் வேண்டும். அவரை அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கூப்பிட முடியாது. ரூ.15,000 சம்பளத்துக்கு, மாதம் 150 மணி நேரம் கூடுதலாக விற்றாகணும். சின்னக் குழந்தைகளுக்குக் கட்டணம் அதிகமாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

கட்டண அட்டையில் என்னென்ன இருக்கணும்?

*குறைந்தபட்ச நேரம்:* 30 நிமிடத்துக்கு விடுவதிலும் பதிவு, சமாதானப்படுத்துதல், திரும்ப ஒப்படைத்தல் என எல்லா வேலையும் உண்டு. அதனால் குறைந்தது 2 மணி நேரக் கட்டணம் என்று வைக்கலாம்.

*முன்பணக் கார்டு:* 20 மணி நேரத்தை மொத்தமாக வாங்கினால் மணிக்கு ரூ.90 போன்ற சலுகை. உங்களுக்குப் பணம் முன்கூட்டியே வரும், பெற்றோருக்கும் லாபம். எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்தணும் என்பதை அட்டையிலேயே அச்சிடுங்கள்.

*பதிவுக் கட்டணம்:* ஒருமுறை மட்டும். தடுப்பூசி விவரம், அலர்ஜி, குழந்தையை அழைத்துச் செல்ல அனுமதி உள்ளவர்களின் போட்டோ எல்லாம் இதில் அடங்கும்.

*நெரிசல் நாள்:* முகூர்த்த நாள், தீபாவளி ஷாப்பிங் நேரம், பள்ளி விடுமுறை ஆகியவற்றில் கூட்டம் கூடும். அன்றைக்கு ரேட்டை ஏற்றுவதைவிட, காலை 11 முதல் 3 வரை காலியாக இருக்கும் நேரத்தில் குறைப்பது நல்ல பெயரைத் தரும்.

*சாப்பாடு:* வீட்டிலிருந்து கொண்டுவந்தால் இலவசமாக ஊட்டிவிடலாம். மையத்தில் சமைத்தால் தனிக் கட்டணம் வையுங்கள். அதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் தேவை.

தாமதக் கட்டணம்: இஸ்ரேல் ஆய்வு சொல்வது என்ன?

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 டே கேர் மையங்களில் நடந்த ஆய்வை உரி நீசி, ஆல்டோ ருஸ்டிசினி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2000-ல் வெளியிட்டனர். அவற்றில் 6 மையங்களில், 10 நிமிடத்துக்கு மேல் தாமதமாக வரும் பெற்றோருக்கு 10 ஷெக்கெல் அபராதம் போட்டார்கள். தாமதம் குறைந்ததா? இல்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது!

‘டீச்சர் நமக்காகக் காத்திருக்கிறாரே’ என்ற கூச்சம் போய், ‘அதான் பணம் கட்டுகிறோமே’ என்ற எண்ணம் வந்துவிட்டது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். அபராதத்தை நிறுத்திய பிறகும் தாமதம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

அதனால் பேருக்கு ஒரு சின்ன அபராதம் வேண்டாம். 10 நிமிடம் சலுகை கொடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் வழக்கமான ரேட்டைவிட இரண்டு, மூன்று மடங்கு வாங்கி, அதைக் காத்திருந்த ஊழியருக்கே கொடுக்கலாம். மூன்று முறை தாமதமானால் முன்பதிவு நிறுத்தம் என்பதையும் சேர்க்கலாம். அந்த ஊழியரின் வீட்டிலும் ஒரு குழந்தை காத்துக்கொண்டிருக்கலாம்.

பெற்றோரின் பர்ஸ் தாங்குமா?

மாதம் ரூ.20,000 சம்பளம் வாங்கும் ஒரு தாய்க்கு, 26 நாள், 8 மணி நேரம் என்று பார்த்தால் மணிக்கு ரூ.96 கிடைக்கிறது. டே கேருக்கு மணிக்கு ரூ.100 கொடுத்து அவர் தினமும் வேலைக்குப் போக முடியாது. எனவே டிராப்-இன் சேவை அவசரத்துக்கும் சில மணி நேரத்துக்கும்தான் பொருந்தும். முழுநேரம் தேவைப்படுபவர்களுக்கு மாதக் கட்டண இடம்தான் சரி. இதைப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ரேட்டைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கை வைக்கத் தோன்றுவது பராமரிப்பாளர் சம்பளத்தில்தான். அப்படிச் செய்தால் ஆள் அடிக்கடி மாறுவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு வரும் குழந்தைக்குப் பழகிய முகம் ஒன்று இருப்பதுதான் பெரிய ஆறுதல்.

வேறு வழியும் இருக்கிறது. 50 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் காப்பக வசதி தர வேண்டும் என்பது 2017-ல் மகப்பேறு சலுகைச் சட்டத் திருத்தம் கொண்டுவந்த விதி. அருகில் உள்ள நிறுவனங்களிடம் பேசி, மாதம் இத்தனை மணி நேரம் என்று மொத்தமாக விற்றால், காலி இடமும் குறையும், பெற்றோரின் சுமையும் குறையும்.

தொடங்கும் முன் இதைக் கவனிங்க

சேவைத் தொழிலில் ஆண்டு வருவாய் ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு பற்றி ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். முதல் 3 மாதம் எந்த நாள், எந்த நேரத்தில், எத்தனை குழந்தைகள் வந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் மையம் 40% நிரம்புகிறதா, 60% நிரம்புகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். அடுத்த கட்டண அட்டையை அந்த நோட்டைப் பார்த்துப் போடுங்கள்.