சான்சிபார் பீச் டிரிப்: ஹோட்டல் புக் பண்ணும் முன் கடலின் டைம்டேபிளைப் பாருங்கள்

மேனேஜரிடம் கெஞ்சி ஒரு வாரம் லீவு வாங்கியாச்சு. போட்டோவில் பார்த்த பீச்சில் நீலமும் பச்சையும் கலந்த தண்ணீர், மாவு மாதிரி வெள்ளை மணல், ரெண்டு தென்னை மரம், நடுவில் ஒரு ஊஞ்சல். ஹோட்டலும் புக் ஆயிடுச்சு. முதல் நாள் காலை, டிபனை முடித்துவிட்டு பத்து மணிக்குத் துண்டோடு இறங்கி வருகிறீர்கள். கடலைக் காணோம்.

கண்ணுக்கு எட்டும் தூரம் வரை ஈர மணல், பாசி, அங்கங்கே கணுக்கால் அளவுக்குத் தேங்கிய தண்ணீர். தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாக அலை தெரிகிறது. ஹோட்டல்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று தோன்றும். அப்படி இல்லை. போட்டோ எடுத்தது ஹை டைடில், நீங்கள் வந்தது லோ டைடில். அவ்வளவுதான் விஷயம்.

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி, தான்சானியாவைச் சேர்ந்த தீவுக்கூட்டம் சான்சிபார். நாம் பொதுவாக சான்சிபார் என்று சொல்வது அதிலுள்ள உங்குஜா என்ற பெரிய தீவைத்தான். அங்கே நிம்மதியாக ஒரு பீச் ஹாலிடே போக ஆசைப்பட்டால், எத்தனை ஸ்டார் ஹோட்டல் என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: கடல் எப்போது வரும், எப்போது போகும்?

கடல் எங்கே போச்சு?

பள்ளியில் 'ஓதம்' என்று படித்தது நினைவிருக்கலாம். நிலவும் சூரியனும் இழுப்பதால் கடல் மட்டம் ஏறி இறங்குவதுதான் அது. சென்னையில் இந்த வித்தியாசம் அதிகபட்சம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். அதனால்தான் மெரினாவுக்கு எந்த நேரம் போனாலும் கடல் அதே இடத்தில் இருக்கிறது. டைடு என்று ஒன்று இருப்பதையே நாம் கவனிப்பதில்லை.

சான்சிபாரில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் இந்த வித்தியாசம் 4 மீட்டரை நெருங்கும். கிட்டத்தட்ட ஒரு மாடி உயரம். அதோடு, தீவின் கிழக்குக் கரையில் தரை ரொம்பத் தட்டையானது. கரையிலிருந்து பவளப் பாறைத் திட்டு வரை ஆழமே இருக்காது. மட்டம் கொஞ்சம் இறங்கினாலே, தண்ணீர் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு உள்ளே போய்விடும்.

தினசரி காலண்டரே போதுமா?

ஓரளவுக்குப் போதும். ஹை டைடிலிருந்து அடுத்த ஹை டைடுக்கு சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும்.

பௌர்ணமி, அமாவாசை சமயத்தில் சான்சிபாரில் காலை பத்து மணியை ஒட்டி லோ டைடு. மாலை நான்கு மணியை ஒட்டித் தண்ணீர் நிறைந்திருக்கும். அஷ்டமி, நவமி பக்கம் போனால் கதை தலைகீழ்: காலையில் தண்ணீர் இருக்கும், மாலையில் இறங்கும். ஆனால் அந்த நாட்களில் ஏற்றமும் இறக்கமும் குறைவு. கடல் அவ்வளவு தூரம் ஓடிப்போகாது.

ஆக, கிழக்குக் கரையில் தங்கி, காலையில் நீந்த வேண்டும் என்று நினைப்பவர்கள் அஷ்டமியை ஒட்டி லீவு போடுவது நல்லது. 'அஷ்டமியில் பயணமா?' என்று வீட்டில் கேட்டால் இந்தக் காரணத்தைச் சொல்லிப் பாருங்கள்! துல்லியமான நேரத்துக்கு டைடு டேபிள் ஆப்கள் இருக்கின்றன. தேதியை முடிவு செய்யும் முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, எந்தக் கரையில் தங்கலாம்?

உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது.

*வடக்கு முனை (நுங்வி, கெண்ட்வா):* இங்கே கரையை ஒட்டியே ஆழம் கிடைப்பதால் பெரும்பாலான நேரம் நீந்தலாம். அதனாலேயே கூட்டமும் இரைச்சலும் அதிகம். 'எந்திரிச்சதும் கடலில் குதிக்கணும்' என்பவர்களுக்கு இதுதான் சரி.

*கிழக்கு, தென்கிழக்கு (மடெம்வே, பாஜே, ஜம்பியானி):* நீளமான, அமைதியான கரைகள். பாஜேயில் காற்று நன்றாக அடிப்பதால் கைட் சர்ஃபிங் பிரபலம். ஆனால் நீச்சல் மட்டும் கடலின் டைம்டேபிள்படிதான்.

*மேற்கு (ஸ்டோன் டவுன்):* இது பழைய நகரம். 2000-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பீச்சுக்காக இங்கே தங்க வேண்டியதில்லை. சந்துகளில் நடக்கவும் சாப்பிடவும் ஒரு நாளாவது ஒதுக்குங்கள்.

எந்த மாதம் போவது?

ஜூன் முதல் அக்டோபர் வரை மழை குறைவு, வெயிலும் தாங்கக்கூடிய அளவு. தென்கிழக்கிலிருந்து 'குசி' காற்று வீசும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல வெயில், வடகிழக்கிலிருந்து 'கஸ்காசி' காற்று. மார்ச் பிற்பகுதியிலிருந்து மே வரை 'மசிகா' என்ற பெருமழைக் காலம். அப்போது சில ஹோட்டல்கள் மூடியே இருக்கும். ரேட் குறைவாக இருக்கிறதே என்று ஏப்ரலில் புக் செய்தால், அறைக்குள் உட்கார்ந்து மழையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். நவம்பரிலும் சிறு மழை உண்டு.

இந்த ரெண்டு காற்றும் நமக்கு அந்நியம் இல்லை. இந்தியாவுக்கு மழை கொண்டுவரும் அதே பருவக்காற்றுகளின் ஆப்பிரிக்க முகம் இவை. நூற்றாண்டுகளாக, ஒரு காற்றைப் பிடித்து இந்தியாவிலிருந்தும் அரேபியாவிலிருந்தும் பாய்மரக் கப்பல்கள் போயின. மறு காற்றில் திரும்பின. சான்சிபாரில் 1930-கள் வரை ரூபாய்தான் புழங்கியது. சுவாஹிலியில் சப்பாத்தி 'சபாத்தி', வண்டி 'காரி', இன்சூரன்ஸ் 'பீமா'.

லோ டைடில் நடந்து போகலாமா?

தாராளமாக. பல பேருக்கு டிரிப்பில் பிடித்துப்போவதே அந்த நடைதான். ஆனால் சில விஷயங்களில் கவனம் தேவை.

முதலில், வெறுங்காலோடு போகாதீர்கள். கடல் முள்ளெலி என்ற கறுப்பு முள்ளுருண்டை பாறை இடுக்குகளில் நிறைய இருக்கும். மிதித்தால் முள் காலுக்குள்ளேயே உடைந்து நிற்கும். ரப்பர் ஷூ ஒன்று இங்கிருந்தே வாங்கிப் போங்கள். பவளப் பாறை மேல் ஏறி நிற்பதும் வேண்டாம். அது உயிருள்ளது.

ரெண்டாவது, உயிர் சம்பந்தப்பட்டது. தண்ணீர் ஒரே சீராக ஏறாது. மொத்தம் 4 மீட்டர் ஏற வேண்டும் என்றால், முதல் ஒரு மணி நேரத்தில் அரை மீட்டர்கூட ஏறாது. 'இன்னும் நேரம் இருக்கு' என்று தோன்றும். நடுவில் வரும் ரெண்டு மணி நேரத்தில் மட்டும் ஏறக்குறைய 2 மீட்டர் ஏறிவிடும். அதுவும் முன்னாலிருந்து மட்டும் வராது. உங்களுக்கும் கரைக்கும் நடுவே உள்ள பள்ளங்கள் முதலில் நிரம்பும். அதனால் லோ டைடு நேரத்துக்கு முன்பே கிளம்பி, அந்த நேரம் வந்ததும் திரும்பத் தொடங்கிவிடுங்கள். நீச்சல் தெரியாதவர்கள் உள்ளூர் ஆள் ஒருவரோடு போவது நல்லது.

மூன்றாவது, டைடைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். மிச்சாம்வி பிங்வேயில் பாறை மேல் கட்டிய 'தி ராக்' உணவகத்துக்கு லோ டைடில் நடந்தே போகலாம், ஹை டைடில் படகில்தான் போக முடியும். ஸ்டோன் டவுனுக்கு எதிரே உள்ள நகுபெண்டா மணல்திட்டு, தண்ணீர் ஏறினால் மூழ்கிவிடும்.

அங்கே குனிந்து வேலை செய்யும் பெண்கள் யார்?

பாஜே, ஜம்பியானி பக்கம் தண்ணீர் இறங்கியதும், தலையில் துணி கட்டிய பெண்கள் வரிசையாகக் கடலுக்குள் நடந்து போவதைப் பார்ப்பீர்கள். மணலில் குச்சி நட்டு, கயிறு கட்டி, அதில் கடற்பாசி வளர்க்கிறார்கள். உள்ளூர்ப் பெயர் 'ம்வானி'. 1980-களின் கடைசியில் தொடங்கிய தொழில். செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இந்தப் பாசியிலிருந்து எடுக்கும் கராகீனன், ஐஸ்கிரீமிலும் டூத்பேஸ்ட்டிலும் கெட்டித்தன்மைக்காகச் சேர்க்கப்படுகிறது. நம்மூரிலும் ராமநாதபுரம் கரையில் பெண்கள் கடற்பாசி வளர்க்கிறார்கள் என்பதால் இது புரியாத காட்சி இல்லை.

கடல் சூடாவது இந்தத் தொழிலை நேரடியாகத் தாக்குகிறது. கூடுதல் விலை போகும் பாசி வகை, கரையோர வெந்நீரில் பிழைப்பதில்லை. ஆழத்துக்குப் போனால் வளரும். ஆனால் இந்தப் பெண்களில் பலருக்கு நீச்சல் தெரியாது. அதனால் குறைந்த விலைப் பாசியோடு பலர் நின்றுவிடுகிறார்கள்.

நீங்கள் 'கடல் இல்லாத நேரம்' என்று சலித்துக்கொள்ளும் அந்தச் சில மணி நேரம்தான் அவர்களின் வேலை நேரம். கயிறுகளை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். பாசியில் செய்த சோப்பு உள்ளூரிலேயே கிடைக்கும். வாங்கினால் பணம் ஊருக்குள் நிற்கும்.

'மூணு மணிக்குப் படகு' என்றால் எத்தனை மணி?

இங்கேதான் பலர் படகைத் தவறவிடுகிறார்கள். சுவாஹிலியில் நேரக் கணக்கு சூரிய உதயத்திலிருந்து தொடங்குகிறது. காலை 7 மணி என்பது 'சா மோஜா', அதாவது முதல் மணி. 'சா தாத்து', மூன்றாம் மணி என்றால் நம் காலை 9. விடியலிலிருந்து நாழிகை எண்ணிய நம் பழைய வழக்கம் போலத்தான். சுற்றுலாக்காரர்களிடம் பெரும்பாலும் நம் கணக்கிலேயே பேசுவார்கள். இருந்தாலும் 'சுவாஹிலி நேரமா?' என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இந்திய நேரத்தைவிட அங்கே இரண்டரை மணி நேரம் பின்னே.

விசா, இன்சூரன்ஸ், ஊசி: எதை மறக்கக் கூடாது?

இந்தியர்களுக்கு தான்சானியாவின் சாதாரண சுற்றுலா இ-விசா 50 டாலர். அரசின் குடிவரவுத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே போலத் தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் கூடுதலாகக் கறக்கும்.

2024 அக்டோபர் 1 முதல் சான்சிபாருக்குள் நுழைய அந்தத் தீவின் அரசு இன்சூரன்ஸ் கட்டாயம். கட்டணம் 44 டாலர். இங்கே எடுத்த டிராவல் இன்சூரன்ஸ் இருந்தாலும் இது தனி. ஆக, விசாவோடு சேர்த்து ஒருவருக்கு 94 டாலர். பட்ஜெட் போடும்போதே சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது யெல்லோ ஃபீவர். மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லாததால் பலர் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் போகிறார்கள். எத்தியோப்பியாவும் கென்யாவும் இந்தியாவின் யெல்லோ ஃபீவர் பட்டியலில் உள்ள நாடுகள். ஏர்போர்ட்டைவிட்டு வெளியே வராமல் விமானம் மாறுபவர்களுக்கு இந்திய விதியில் விலக்கு உண்டு. ஆனால் 'ஒரு நாள் நைரோபி சுற்றிட்டு வரலாம்' என்று இறங்கி, ஊசிச் சான்றிதழ் இல்லாமல் உடனே இந்தியா திரும்பினால், 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். அந்த நாடுகளில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து வந்தால் தான்சானியாவும் சான்றிதழ் கேட்கும்.

இந்த ஊசி எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது. அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அதில் ஒன்று. போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன் பிறகு ஆயுளுக்கும் செல்லும். அதனால் டிக்கெட் போட்ட வாரமே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள்.

ஊருக்குள் எப்படி நடந்துகொள்வது?

மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பீச்சில் நீச்சல் உடை பிரச்னை இல்லை. ஸ்டோன் டவுனிலும் கிராமங்களிலும் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துங்கள். ரமலான் மாதத்தில் பகலில் பொது இடத்தில் சாப்பிடுவதைத் தவிர்க்கலாம். பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை உண்டு, பெட்டியில் வைக்காதீர்கள். 2023-ல் ஐஐடி மெட்ராஸ் இங்கே தன் முதல் வெளிநாட்டு வளாகத்தைத் தொடங்கியதால், 'மெட்ராஸ்' என்ற பெயரை அங்கே யாராவது சொல்லிக் கேட்டாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

சுருக்கமாக...

எழுந்ததும் கடல் வேண்டுமா? வடக்கில் தங்குங்கள். அமைதி வேண்டுமா? கிழக்கில் தங்கி, தேதியை டைடு டேபிளோடு பொருத்துங்கள். ரெண்டும் வேண்டுமென்றால் மூணு நாள் அங்கே, மூணு நாள் இங்கே. போன முதல் நாளே ஹோட்டலில் டைடு நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் வரும்வரை காத்திருக்கும் அந்த நேரத்தில் நல்லா தூங்குங்கள். லீவு போட்டதே அதுக்குத்தானே?