கிளட்ச்சை மிதித்தால் மறையும் நடுக்கம்

1982 முதல் 1991 வரை போர்ஷே தயாரித்த 944 காரில் கியர் பாக்ஸ் எஞ்சினை ஒட்டி இருக்காது. பின் சக்கரங்களுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருக்கும். முன்னால் எஞ்சின், பின்னால் கியர் பாக்ஸ் என்று எடையை ஏறக்குறைய சரிபாதியாகப் பிரித்ததால்தான் அந்தக் கார் வளைவுகளில் அவ்வளவு நிதானமாகத் திரும்புகிறது. இரண்டையும் இணைப்பது ஒரு நீண்ட குழாய். அதற்குள்ளே 25 மி.மீ. குறுக்களவுள்ள எஃகுத் தண்டு ஒன்று சுழல்கிறது.

வயதான 944-களில் அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு. 3,000 ஆர்.பி.எம். வாக்கில் கியர் லிவர் கிடுகிடுக்கும், இருக்கைக்கு அடியில் உறுமல் கேட்கும், கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கலாகும். வீல் பேலன்சிங் செய்து, டயரை மாற்றிய பிறகும் போகாது. இந்த இடத்தில் பலரும் கைக்கு எட்டிய பாகத்தை மாற்ற ஆரம்பிப்பார்கள். அது வீண் செலவு. எங்கே நடுங்குகிறது என்று தேடுவதைவிட, எதனுடைய சுழற்சியோடு சேர்ந்து நடுங்குகிறது என்று தேடுவது மேல். காரில் ஒவ்வொரு பாகமும் அதற்கென்று ஒரு வேகத்தில் சுற்றுகிறது. அந்த வேகம்தான் அதன் அடையாளம்.

கணக்கு எளிது. 215/60 அளவுள்ள 15 அங்குல டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 14 முறை சுற்றும். 3,000 ஆர்.பி.எம்.மில் எஞ்சின் நொடிக்கு 50 முறை சுற்றும். டயரின் குலுக்கலை உடம்பு அடி அடியாக உணரும். 50 என்பது கூசுகிற மாதிரியான அதிர்வு. சந்தேகம் இருந்தால் அதே 100 கி.மீ. வேகத்தில் கியரை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். நடுக்கம் மாறவில்லை என்றால் சக்கரம், அச்சுத் தண்டு, டிஃபரன்ஷியல் என்று பின்பக்கம் போக வேண்டும். கியரோடு சேர்ந்து மாறினால் அது எஞ்சின் வேகத்தில் சுற்றும் ஏதோ ஒன்று. வண்டி நின்றிருக்கும்போதே, நியூட்ரலில், 3,000-ஐத் தொட்டதும் நடுக்கம் வந்தால் சக்கரங்களின் மேல் பழி போடவே வழியில்லை.

944-இல் இதற்கடுத்த சோதனை அலாதியானது. சாதாரணப் பின்சக்கர இயக்கக் காரில் கியர் பாக்ஸுக்குப் பின்னால்தான் புரொப்பல்லர் ஷாஃப்ட் வரும். வண்டி நின்றால் அதுவும் நிற்கும். இங்கே கிளட்ச் எஞ்சினோடு முன்னாலேயே இருக்கிறது, தண்டு அதற்குப் பின்னால். ஆகவே வண்டி நின்றிருந்தாலும், நியூட்ரலில், தண்டு எஞ்சினோடு சுற்றிக்கொண்டே இருக்கும். கிளட்ச்சை மிதித்தால் தண்டும், கிளட்ச் தட்டும், கியர் பாக்ஸின் உள்ளீட்டு ஷாஃப்ட்டும் சில நொடிகளில் நின்றுவிடும். எஞ்சின், ஃப்ளைவீல், பிரஷர் பிளேட் ஆகியவை தொடர்ந்து சுற்றும். ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல், ஒரு காலை அழுத்தியே சந்தேகப் பட்டியலைப் பாதியாக்கிவிடலாம். மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங்கின் அழுத்தமும் சேர்வதால் சோதனை நூறு சதவீதம் சுத்தமில்லை என்பது உண்மைதான். ஆனாலும் இதைவிட மலிவான சோதனை கிடையாது.

கிளட்ச்சை மிதித்ததும் நடுக்கம் மறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கண் குழாயின் மேல் விழ வேண்டும். தண்டு ஏன் அவ்வளவு மெலிதாக இருக்கிறது? முதல் கியர் எஞ்சினின் முறுக்கு விசையை மூன்று மடங்குக்கு மேல் பெருக்கும். கியர் பாக்ஸுக்குப் பின்னால் வரும் தண்டு அந்தப் பெருக்கப்பட்ட விசையைத் தாங்க வேண்டும். 944-இன் தண்டு பெருக்கத்துக்கு முன்னால் இருப்பதால் மெலிந்திருக்கலாம். ஆனால் மெலிந்து நீண்ட தண்டுக்கு ஒரு வியாதி உண்டு: குறிப்பிட்ட ஒரு வேகத்தில் நடுப்பகுதி வில்லாக வளைந்து வெளியே வீசும். அதைத் தடுக்கக் குழாய்க்குள் நான்கு பேரிங்குகள் தண்டைப் பிடித்திருக்கின்றன.

இந்தப் பிடி தளர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். தண்டு வளையத் தொடங்கும் வேகம், பேரிங்குகளுக்கு இடையிலான தூரத்தின் இருமடிக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். 25 மி.மீ. எஃகுத் தண்டை 40 செ.மீ.க்கு ஒரு முறை பிடித்தால் அந்த வேகம் நிமிடத்துக்குச் சுமார் 18,600 சுற்று. எந்த 944-உம் அங்கே போகாது. நடுவில் ஒரு பேரிங் பிடியை விட்டு, இடைவெளி 80 செ.மீ. ஆகிவிட்டால் வேகம் பாதியாக அல்ல, கால்வாசியாக இறங்கும்: சுமார் 4,650. அது தினமும் ஓட்டும் எல்லைக்குள் வந்துவிடுகிறது. நிஜக் குழாயில் இடைவெளிகளும் பிடிமானமும் வேறுபடும் என்பதால் இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் நெடுநாள் அமைதியாக இருந்த கார் ஒரு கட்டத்தில் திடீரென்று பேசத் தொடங்குவதற்கான காரணம் இந்த இருமடியில் இருக்கிறது.

கிளட்ச் தட்டும் இதே பக்கத்துச் சந்தேக நபர். எஞ்சினின் முறுக்கு அதிர்வை விழுங்குவதற்காக அதன் நடுவில் ரப்பர் வைத்திருந்தார்கள். ரப்பருக்கு வயதானால் விரிசல் விடும், பிய்யும். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டு விடும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும்.

மிதித்தும் நடுக்கம் போகவில்லையா? அப்படியானால் எஞ்சின் பக்கம். ஆரம்பகால 944-களின் எஞ்சின் 2.5 லிட்டர், நான்கே சிலிண்டர், ஒவ்வொன்றும் 100 மி.மீ. அகலம். நான்கு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வரும், விசைகள் சரிக்குச் சரி என்று தோன்றும். ஆனால் கனெக்டிங் ராடின் சாய்வால் பிஸ்டன் ஓட்டத்தின் மேல்பாதியில் வேகமாகவும் கீழ்ப்பாதியில் மெதுவாகவும் நகர்கிறது. அந்த வித்தியாசம் நான்கிலும் கூடிக்கொண்டு, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எஞ்சினைத் தூக்கி அடிக்கிறது. இதற்கு எதிராக இரண்டு மடங்கு வேகத்தில் எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு எடைத் தண்டுகளை வைக்கலாம் என்பது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் சொன்னது. 1970-களில் மிட்சுபிஷி அதை மேம்படுத்தியது. போர்ஷே அதனிடம் உரிமம் வாங்கித்தான் 944-இல் பொருத்தியது.

இந்தத் தண்டுகளை ஓட்ட ஒரு தனி பெல்ட். பெல்ட் மாற்றும்போது பல் தவறினால் மருந்தே விஷமாகிவிடும்: அதிர்வைக் கழிக்க வேண்டிய விசை கூட்டத் தொடங்கும். அந்த பெல்ட் இல்லாமலும் எஞ்சின் ஓடும் என்பதால், கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்கலாம். கழற்றியதும் நடுக்கம் குறைந்தால் தண்டுகள் தப்பான இடத்தில் நின்றிருக்கின்றன.

எஞ்சின் மவுண்ட்கள் வேறு வகை. அவை எதையும் ஆட்டுவதில்லை; ஆட்டத்தை உடலுக்கு வராமல் தடுப்பவை. 944-இல் உள்ளே திரவம் நிரப்பிய ரப்பர் மவுண்ட்கள். புகைக்குழாய்ப் பக்கத்து மவுண்ட் சூட்டில் வெந்து, திரவம் கசிந்து, அமுங்கிப்போகும். எஞ்சின் எப்போதும் போலத்தான் ஆடுகிறது, ஆனால் இப்போது அது முழுதாக வண்டிக்குள் வருகிறது. நல்ல தண்டையும் நல்ல கிளட்ச்சையும் குற்றவாளியாக்குவது பெரும்பாலும் இதுதான்.

இன்று பலர் கைபேசியை டாஷ்போர்டில் வைத்து அதன் முடுக்கமானியால் அதிர்வெண் அளக்கிறார்கள். நல்ல வழிதான், ஒரு பொறியோடு. கைபேசி நொடிக்கு 100 அளவீடு எடுத்தால் 50 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பலாம். அதற்கு மேற்பட்டது, சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவது போல, பொய் எண்ணாகத் தெரியும். எடைத் தண்டுகள் 2,700 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 90 முறை சுற்றும். திரையில் அது 10 ஹெர்ட்ஸாக வந்து நிற்கும், டயர்தான் என்று சத்தியம் செய்யும். ஆர்.பி.எம்.மை மெல்ல ஏற்றினால் பொய் வெளிப்படும், ஏனென்றால் திரையில் எண் கூடாமல் குறையும்.

சாதாரண புரொப்பல்லர் ஷாஃப்ட் என்றால் இரண்டு ஹோஸ் கிளிப்பை மாட்டி, அவற்றின் திருகுகளை நகர்த்தியே பேலன்ஸ் செய்துவிடுவார்கள். 944-இன் தண்டு குழாய்க்குள் இருப்பதால் கை போகாது. சைலன்சர், அச்சுத் தண்டுகள், கியர் பாக்ஸ் எல்லாம் இறங்கி, குழாயைப் பின்னால் நகர்த்தினால்தான் கிளட்ச்சே தெரியும். மவுண்ட், பெல்ட் என்று மலிவானவற்றை முதலில் பார்ப்பது அதனால்தான். அவ்வளவு தூரம் பிரித்துவிட்டால் யாரும் சோதனை செய்துகொண்டு நிற்பதில்லை. தட்டையும் பேரிங்குகளையும் சேர்த்தே மாற்றிவிடுகிறார்கள். நடுக்கம் நின்றுவிடும், எது ஆட்டியது என்பது மட்டும் தெரியவராது.