எலும்பு முறிந்தால்

எலும்பு முறிந்து என்னிடம் வருவோர், படித்தவராயினும் பாமரராயினும், கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் ஒன்றே போல்வன. அவற்றுள் சிலவற்றுக்கு விடை கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

"விரலை அசைக்க முடிகிறதே, எலும்பா முறிந்திருக்கும்?" என்பது முதல் வினா. விரலை அசைப்பவை தசைகளும் நரம்புகளுமே. எலும்பு முறிந்தும் அவை நலமாக இருக்கக்கூடும். ஆகவே அசைவைக் கொண்டு முடிவு செய்தல் தவறு. 1895-ஆம் ஆண்டில் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர்ப் படமே பெரும்பாலும் நம் ஐயத்தைத் தீர்க்கிறது.

"மாவுக்கட்டு எலும்பை ஒட்டவைக்குமா?" என்பது அடுத்தது. ஒட்டவைப்பது கட்டு அன்று, உடலே. முறிந்த இடத்தில் கசிந்த குருதி உறைகிறது. அங்கே மென்மையான திசு வளர்கிறது. அதில் சுண்ணச் சத்துப் படிந்து புது எலும்பாகிறது. அதுவரை முறிந்த முனைகளை நேராக, அசையாமல் காப்பது மட்டுமே கட்டின் வேலை.

"எத்தனை நாளாகும்?" சிறுவரின் முன்கை எலும்பு ஏறத்தாழ 6 வாரங்களில் கூடிவிடும். வளர்ந்தவரின் கணைக்கால் எலும்புக்கு 3, 4 மாதங்களும் ஆகலாம். புகைபிடிப்போர்க்கு இன்னும் காலம் நீளும்.

ஆனால் பலர் கேட்கத் தவறும் வினா ஒன்று உண்டு: "கட்டினுள் வலி பெருகினால் பொறுத்துக்கொள்ளலாமா?" கூடாது. இறுகக் கட்டினால்தான் எலும்பு கூடும் என்பது நம்மிடையே ஊறிய எண்ணம். முறிந்த இடம் வீங்குமே! வீக்கத்துக்கு இடமின்றேல் அழுத்தம் ஏறும். குருதி தசைக்குச் செல்லாது. சில மணி நேரத்தில் தசை மடியத் தொடங்கும். இதனால் விரல்கள் மடங்கி விறைத்துப்போவதை ஜெர்மானிய மருத்துவர் வோல்க்மன் 1881-இலேயே விளக்கினார். மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டிய கையோடு மூன்றாம் நாள் என்னிடம் வந்த சிறுவன் ஒருவனை நான் அறிவேன். எலும்பு கூடிற்று, விரல்கள் நிமிரவில்லை.

எனவே மாணவர்களே, கட்டியவர் எவராயினும், வலி மேன்மேலும் பெருகினாலும், விரல்கள் மரத்தாலும், வெளிறினாலும், நீலம் பாய்ந்தாலும், அவற்றை நிமிர்த்தும்போது தாங்கொணா வலி எடுத்தாலும், விடியட்டும் என்று காத்திராதீர்கள். அந்த இரவே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆடுகளத்தில் தோழன் விழுந்து கை முறிந்தால், அதை இழுக்கவோ உருவவோ வேண்டாம். மோதிரம், காப்பு இருப்பின் கழற்றுங்கள். மடித்த செய்தித்தாளை அணைகொடுத்து, துண்டால் தூளி கட்டி, கையை இருந்த நிலையிலேயே தாங்கச் செய்து அழைத்துச் செல்லுங்கள்.