காமிராவின் கண்ணுக்குச் செலவிடுங்கள்!



சென்ற ஆண்டு ஷவ்வால் மாதத்தில் ஒருநாள் மாலை, தாயும் மகளுமாக இருவர் எங்கள் இல்லம் தேடி வந்தனர். மகள் சிறு வயதில் எங்கள் மதரஸாவில் ஓதியவர். பட்டப்படிப்பை முடித்தபின், திருமண வீடுகளில் பெண்கள் பகுதியில் படமெடுக்கும் பணியை மேற்கொண்டிருப்பவர். பெண்கள் கூடியிருக்கும் இடத்தில் வெளி ஆடவர் படமெடுப்பதை விரும்பாத குடும்பங்களுக்கு இத்தகைய சகோதரிகளின் பணி பேருதவி என்பதை நீங்கள் அறிவீர்கள்.

தாயார் தம் கையிலிருந்த இரண்டு வளையல்களை விற்று மகளுக்குக் காமிரா வாங்கிக் கொடுத்திருந்தார். அத்தொகையில் பத்தில் ஒன்பது பங்கு, கடைக்காரர்கள் ‘பாடி’ என்றழைக்கும் காமிராவின் உடற்பகுதிக்கே போய்விட்டது. எஞ்சியதற்கு ஒரு மலிவான லென்ஸ். முதல் நிக்காஹ் மஃரிபுக்குப் பின் நடந்தது. பெண்கள் அறையில் வெளிச்சம் போதவில்லை. எடுத்த படங்களில் பாதி அசைந்து கலங்கிப் போயின. மீதி, மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருந்தன. மணமகள் வீட்டார் மீதித் தொகையைத் தர மறுத்துவிட்டனர்.

“ஹஜ்ரத், இதைவிட விலை கூடிய பாடி வாங்கினால் சரியாகிவிடுமா?” என்று அம்மகள் கேட்டார். தாயாரின் கைகளில் விற்பதற்கு இனி வளையல் ஏதுமில்லை.

மதரஸா ஆசிரியருக்கும் காமிராவுக்கும் என்ன தொடர்பு என நீங்கள் வியக்கலாம். கல்லூரியில் பயின்ற காலத்தில், ஸ்டூடியோ வைத்திருந்த என் தாய்மாமாவுக்கு மாலை வேளைகளில் உதவியாளனாக இருந்தேன். அது ஃபிலிம் சுருளின் காலம். மாமா மறைந்தபின் அவருடைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்று என்னிடம் வந்து சேர்ந்தது. நல்வாய்ப்பாக அம்மகளின் காமிராவும் என்னுடையதும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பு. ஆகவே என்னிடமிருந்த அடாப்டரின் வாயிலாக அப்பழைய லென்ஸை அவருடைய புதிய பாடியில் பொருத்திக் கொடுத்தேன். கூடத்தில் ஒரே ஒரு குழல் விளக்கின் கீழ் பாடம் எழுதிக் கொண்டிருந்த என் இளைய மகளைக் கையால் ஃபோகஸ் செய்து படமெடுத்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, நோட்டிலிருந்த எழுத்துகளைக்கூட வாசிக்க முடிந்தது. பாடி அதேதான், மாறியது கண் மட்டுமே!

கண் செய்யும் வேலை

பஸ்ராவில் 965ஆம் ஆண்டு பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம், இருட்டறையின் துளை வழியே புகும் ஒளியை ஆராய்ந்தவர். கிரகணத்தின்போது துளை சிறிதாக இருந்தால் சூரியனின் உருவம் பிறையாகத் தெளிவாக விழுவதையும், துளை பெரிதானால் அப்பிறை வடிவம் மறைந்து வட்டமாகிவிடுவதையும் அவர் விளக்கினார். காமிராவின் அடிப்படைச் சிக்கலே இதுதான். சிறு துளையில் தெளிவுண்டு, வெளிச்சமில்லை. பெரிய துளையில் வெளிச்சமுண்டு, தெளிவில்லை. பெரிய துளையிலும் தெளிவைத் தருவதற்காகவே லென்ஸ் உள்ளது.

லென்ஸின் மீது ‘எஃப்’ என்னும் குறியுடன் பொறிக்கப்பட்டிருக்கும் எண், அத்துளை எவ்வளவு பெரிதாகத் திறக்கும் என்பதைச் சொல்கிறது. எண் சிறியதானால் திறப்பு பெரிது. பாடியுடன் சேர்த்து விற்கப்படும் சாதாரண ஜூம் லென்ஸ்களில் 3.5–5.6 என்றிருக்கும். 50 மி.மீ. லென்ஸ்களில் எளியதில் 1.8 என்றிருக்கும். 5.6ஐக் காட்டிலும் 1.8 ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. மங்கலான மண்டபத்தில் பத்து மடங்கு ஒளி என்றால் எத்தகைய வேறுபாடு என்பதை எண்ணிப் பாருங்கள்!

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

‘மெகாபிக்ஸல்’ எண்ணிக்கையைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். திருமண ஆல்பத்தின் 12×18 அங்குலப் பக்கத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட 5400×3600, அதாவது ஒரு கோடியே 94 லட்சம் புள்ளிகள் வேண்டும். 24 மெகாபிக்ஸல் காமிரா இரண்டு கோடியே 40 லட்சம் புள்ளிகளைத் தருகிறது. இல்லத் தேவைக்கும் பெரும்பாலான தொழில் தேவைக்கும் இது தாராளம்.

அடுத்தது, ஒளியை வாங்கும் சென்சாரின் அளவு. ‘ஃபுல் ஃபிரேம்’ என்பது ஃபிலிமின் அளவான 36×24 மி.மீ. ‘ஏ.பி.எஸ்.சி.’ என்பது ஏறத்தாழ 23.5×15.6 மி.மீ. சிறிய சென்சாரில் படத்தின் ஓரங்கள் வெட்டுப்படும். அதனால் 50 மி.மீ. லென்ஸ் அதில் 75 மி.மீ. போல் நெருக்கிக் காட்டும். சிற்றறைகளில் படமெடுப்போர் ஏ.பி.எஸ்.சி. பாடிக்கு 35 மி.மீ. லென்ஸைத் தேர்ந்தெடுப்பதே தக்கது.

மூன்றாவது, லென்ஸ் வந்து பொருந்தும் ‘மவுண்ட்’. உண்மையில் நீங்கள் பாடியை அன்று, மவுண்ட்டையே வாங்குகிறீர்கள். நிக்கான் நிறுவனத்தின் ‘எஃப்’ மவுண்ட் 1959இலும், கேனான் நிறுவனத்தின் ‘இ.எஃப்.’ மவுண்ட் 1987இலும் வந்தவை. இவ்விரு நிறுவனங்களும் 2018இல் கண்ணாடியில்லாத ‘மிரர்லெஸ்’ காமிராக்களுக்கெனப் புதிய மவுண்ட்டுகளை வெளியிட்டன. அடாப்டர் இருந்தால் பழைய லென்ஸைப் புதிய பாடியில் பொருத்தலாம். புதிய லென்ஸைப் பழைய பாடியில் பொருத்த இயலாது. அடாப்டரிலும் சில பழைய லென்ஸ்களுக்குத் தானியங்கி ஃபோகஸ் கிடைக்காது. கடையிலேயே பொருத்திப் பார்த்தபின் பணம் கொடுங்கள்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புது பாடி வந்து பழையதன் விலையைக் குறைத்துவிடும். நல்ல லென்ஸ் அப்படியன்று. ஃபிலிம் காலத்து லென்ஸ் இன்றும் வேலை செய்வதை மேலே கண்டோம். ஆகவே கையிருப்பில் பெரும்பங்கை லென்ஸுக்கு ஒதுக்கி, பாடியைச் சற்றுப் பழைய மாதிரியாகவோ கைமாறியதாகவோ வாங்குவதே சிக்கனம்.

கைமாறிய பொருளை வாங்குவோர் இவற்றைச் சோதித்துப் பார்க்கவும். லென்ஸின் துளையை முழுவதும் திறந்து, ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையிலிருந்து நோக்குங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் தொடவே வேண்டாம். பாடியில் எஃப் 16 வைத்து வெண்சுவரைப் படமெடுங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி உண்டு. ஷட்டர் எத்தனை முறை இயங்கியுள்ளது என்பதையும் கேட்டறியுங்கள். பல பாடிகளின் ஷட்டர், ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் முறை இயங்கும் என்னும் கணக்கில் செய்யப்பட்டது.

வளைகுடா நாடுகளிலிருந்து காமிரா வாங்கி வரும் சகோதரர்கள், அதன் உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதை அங்கேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். விற்ற நாட்டோடு முடிந்துவிடும் உத்தரவாதங்கள் உண்டு. விமானப் பயணத்தில் உபரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கில் போடும் பெட்டியில் வைக்கலாகாது.

ஈரம் என்னும் பகை

இனிப் பராமரிப்புக்கு வருவோம். காயல்பட்டினமோ கீழக்கரையோ நாகூரோ, கடற்காற்று வீசும் ஊர்களில் காமிராவின் முதற்பகை கீழே விழுவதன்று, பூஞ்சணம்தான்!

இதை என் குற்றத்திலிருந்தே சொல்கிறேன். மாமாவிடமிருந்து எனக்கு வந்த லென்ஸ்கள் உண்மையில் இரண்டு. மற்றொன்று 135 மி.மீ. லென்ஸ். அதைத் தோலுறையில் இட்டு, பத்திரமாக இருக்கட்டுமென்று பீரோவில் துணிகளுக்கிடையே, அந்துருண்டையும் போட்டு வைத்தேன். இரண்டு மழைக்காலங்கள் கழித்து எடுத்தபோது உட்கண்ணாடியில் வெண்ணிற வலை படர்ந்திருந்தது. பழுதுபார்ப்பவர் பிரித்துத் துடைத்தார். வலை போயிற்று, ஆனால் பூஞ்சணம் கசியவிட்ட அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சைத் தின்ற தடம் போகவில்லை. விளக்குக்கு எதிரே எடுக்கும் படமெல்லாம் இன்றும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துத்தான் விழுகிறது. நான் பத்திரம் என்று கருதிய தோலும் இருட்டும் மூடிய பீரோவும் பூஞ்சணத்துக்கு உகந்த இடங்கள் என்பதைக் காலம் கடந்தே அறிந்தேன். அந்துருண்டை பூச்சியை விரட்டுமேயன்றி ஈரத்தை உறிஞ்சாது.

இதற்கு மாற்று எளிது. காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சில, ஈரப்பதத்தைக் காட்டும் சிறு மானி ஒன்று ஆகியவை போதும். உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு வரை இருக்கட்டும். 30க்கும் கீழே இறங்கி மிகையாக உலர்வதும் மசகுக்கும் ரப்பருக்கும் நல்லதன்று. சிலிக்கா ஜெல்லில் நீல நிறத்தது ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாகும். அதில் கோபால்ட் குளோரைடு என்னும் நச்சுப்பொருள் கலந்திருப்பதால், குழந்தைகள் உள்ள வீடுகளில் ஈரத்தில் பச்சையாக மாறும் ஆரஞ்சு வகையை வாங்குங்கள். எவ்வகையாயினும் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நிறம் மாறியதும் உறையிலுள்ள குறிப்பின்படி சூடேற்றி உலர்த்தலாம். சமையல் பாத்திரத்தில் இட்டு வறுக்க வேண்டாம். அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம். அரிசி மாவு கருவிக்குள் புகுந்துவிடும்.

எல்லாவற்றிலும் மேலான பாதுகாப்பு, அடிக்கடி பயன்படுத்துவதே. வாரம் ஒருமுறையேனும் வெளியே எடுத்து, நாலு படமேனும் எடுத்து வையுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான முற்றத்துக்குச் செல்லும்போது, காமிராவை மூடிய பையிலேயே அரை மணி நேரம் விட்டு வையுங்கள். உடனே எடுத்தால் குளிர்ந்த கண்ணாடியில் நீர்த்துளி படியும்.

துடைக்கும் முறை

முந்தானையாலும் கைலி முனையாலும் லென்ஸைத் துடைக்கும் வழக்கத்தை இன்றே கைவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் உள்ள நுண்மணல் கண்ணாடியில் கீறலை உண்டாக்கும். முதலில் ‘புளோயர்’ எனப்படும் ரப்பர் குமிழால் காற்றடித்துத் தூசியை அகற்ற வேண்டும். பின்னர் மென்தூரிகையால் தட்ட வேண்டும். அதன் பிறகும் விரல் ரேகை இருந்தால் மட்டும், லென்ஸ் திரவத்தை மைக்ரோஃபைபர் துணியில் ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வட்டமாகத் துடைக்கலாம். திரவத்தைக் கண்ணாடியின் மீது நேரே ஊற்றலாகாது. லென்ஸைக் கழற்றி மாட்டும்போது பாடியின் வாய் தரையை நோக்கி இருக்கட்டும். சென்சாரை வாயால் ஊதவே கூடாது. நெடுநாள் பயன்படுத்தாத காமிராவிலிருந்து பேட்டரியைக் கழற்றி, பாதி மின்னூட்டத்தோடு தனியே வையுங்கள்.

படம் ஓர் அமானிதம்

வாசகச் சகோதரிகளே, முடிவாக ஒரு சொல். மெமரி கார்டில் படங்களை அழித்துவிட்டால் அவை ஒழிந்தன என்று எண்ணாதீர்கள். அழிக்கப்பட்ட படங்களை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் எவருக்கும் கிடைக்கின்றன. ஆகவே காமிராவை விற்கும்போதும், பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும் கார்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பிறர் வீட்டுப் பெண்களின் படங்கள் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வீட்டாரிடம் படங்கள் சேரும்வரை இரண்டு இடங்களில் பிரதி வைத்துப் பாதுகாப்பதும் அந்த அமானிதத்தில் அடங்கும்.

அம்மகள் புது பாடி வாங்கவில்லை. கடனும் வாங்கவில்லை. மலிவான அந்த ஜூம் லென்ஸை விற்று, அதனோடு சிறிது சேர்த்து, எஃப் 1.8 உள்ள 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டார். மீதித் தொகையை மறுத்த வீட்டாரிடமே சென்று, கட்டணமின்றி வலீமாவின் படங்களை எடுத்துக் கொடுத்தார். அவ்வீட்டாரின் உறவினர்கள் வழியாகவே அடுத்த மூன்று திருமணங்கள் கிடைத்தன. சென்ற மாதம் தாயும் மகளும் மீண்டும் வந்திருந்தனர். தாயாரின் வலக்கையில் ஒரு வளையல் திரும்பியிருந்ததாக என் துணைவியார் பின்னர் சொன்னார். மற்றதும் விரைவில் திரும்பும், இன்ஷா அல்லாஹ்!