எண்ணிக்கையும் எடையும்

தமிழ்நாட்டின் பழைய தேகப்பயிற்சி சாலைகளில் பலத்தை எண்ணிக்கையால் அளந்தார்கள். நூறு தண்டால், உட்கார்ந்து எழும் பஸ்கி இருநூறு, அதற்கு மேல் கர்லாக்கட்டை. சுமை பெரும்பாலும் சொந்த உடம்புதான். மாதங்கள் செல்லச் செல்ல எண்ணிக்கை ஏறும். இன்றைய ஜிம்மில் பலத்தைக் கிலோவால் அளக்கிறார்கள். எத்தனை கிலோ, எத்தனை சுற்று (செட்), சுற்றுக்கு எத்தனை முறை (ரெப்) என்பதெல்லாம் கைப்பேசியில் பதிவாகிறது.

எடையைப் படிப்படியாகக் கூட்டும் முறையை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க மருத்துவர் தாமஸ் டிலோர்ம். இரண்டாம் உலகப்போரில் காயமடைந்த வீரர்களுக்கு, இலேசான அசைவுகளைப் பலமுறை செய்வதற்குப் பதிலாகக் கனமான பளுவைக் கொடுத்தார். 1945-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். தொடக்கத்தில் 7 முதல் 10 செட் வரை செய்யவைத்தவர், 1948-இல் மூன்றே போதும் என்று குறைத்தார். பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையில் பாதி, அடுத்து முக்கால், கடைசியாக முழு எடை. இன்று எந்த ஊர் ஜிம்முக்குப் போனாலும் காதில் விழும் 'மூணு செட், பத்து ரெப்' அந்தக் கணக்கின் வழிவந்ததே.

கனமாகத் தூக்கினால்தான் தசை வளரும் என்பது அதன்பின் நெடுநாள் நம்பிக்கையாக இருந்தது. அண்மைக்கால ஆய்வுகள் அதைத் தளர்த்திவிட்டன. ஒருவரால் ஒரே ஒரு முறை தூக்க முடிகிற எடையில் 30 சதவீதமே ஆனாலும், இனி முடியாது என்ற நிலையின் அருகே வரை செய்தால், தசை ஏறக்குறைய அதே அளவு வளர்கிறது. உச்ச பலத்துக்குத்தான் கனமான பளு கட்டாயம். ஆகவே அன்றைய தண்டால் வீண்போகவில்லை. ஆனால் ஐம்பது தண்டால் எளிதாகிவிட்ட பிறகு நூறாக்கினால் தாக்குப்பிடிக்கும் திறன் கூடுமே தவிர, தசை அதிகம் பெருக்காது. அந்த இடத்தில் பழைய முறைக்கு வழி அடைபட்டது; இரண்டரைக் கிலோ தட்டு அதைத் திறந்துவிட்டது.

முழங்கால் பற்றிய அச்சமும் வந்து போயிற்று. ஆழமாக உட்கார்ந்து எழுவது மூட்டின் தசைநார்களைத் தளர்த்தும் என்று 1961-இல் அமெரிக்க ஆய்வாளர் கார்ல் கிளைன் எழுதினார். பல பயிற்சியாளர்கள் பாதியிலேயே நிறுத்தச் சொன்னார்கள். பின்வந்த ஆய்வுகள் அந்த முடிவை உறுதிசெய்யவில்லை. பஸ்கி போட்டவர்களோ எப்போதும் முழுதாகத்தான் உட்கார்ந்து எழுந்தார்கள்.

அதற்காக அன்றைய முறையில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. தினமும் அதே தசைகளை வருத்தினார்கள். ஓய்வு நாள் பலருக்குச் சோம்பலாகத் தெரிந்தது. பழகாத உடம்பில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பஸ்கி போட்டால் தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கக்கூடும் என்பதை இன்று அறிவோம். ஒரே தசைக்கு இடையில் ஓரிரு நாள் ஓய்வு, இன்னும் ஒன்றிரண்டு ரெப் மிச்சமிருக்கும்போதே செட்டை முடிப்பது, கனமான எடைக்கு முன் அதே அசைவை இலேசான எடையில் செய்துபார்ப்பது என இன்று பாதுகாப்புக்கும் கணக்கு இருக்கிறது. அன்று ஆண்களுக்கே உரியதாயிருந்த இடத்தில் இன்று பெண்களும் அறுபது கடந்தவர்களும் பளு தூக்குகிறார்கள். இது பெரிய வரவு.

இழந்தது நிதானம். அன்று புதிதாக வந்தவனை வாத்தியார் உடனே கனத்தில் கைவைக்க விடமாட்டார். தண்டாலும் பஸ்கியும் ஒழுங்காக வரும்வரை காக்கவைப்பார். அந்தக் காத்திருப்புக்குக் காரணம் உண்டு. தசை சில வாரங்களில் வலுவடைந்துவிடும். அதை எலும்போடு பிணைக்கும் தசைநாண் உறுதிப்பட அதைவிட அதிக காலம் பிடிக்கும். கை தூக்க முடிகிற எடையைத் தோள் தாங்கத் தயாராகாத அந்த இடைவெளியில்தான் பல காயங்கள் நேர்கின்றன. இன்று சேர்ந்த முதல் மாதத்திலேயே, யாரோ பத்தாண்டு உழைத்து எட்டிய எடையைக் காணொளியில் பார்த்துவிட்டுத் தூக்க முயல்கிறார்கள்.

எவ்வளவு தூக்கலாம் என்பதைக் கணக்கு சொல்லிவிடும். எப்போது கூட்டலாம் என்பதை, அந்த உடம்பு அசைவதை அருகிலிருந்து பார்ப்பவரே சரியாகச் சொல்வார். முதலாவது இன்று எவருக்கும் எளிதில் கிடைக்கிறது. இரண்டாவதைத்தான் ஜிம்மில் சேருகிறவர் முதல் நாளே கேட்டுப்பெற வேண்டும்.